ஐப்பசி மழையும் எங்கள் தொடக்கப் பள்ளியும்: ஊரைப் பள்ளிக்கு அழைக்க என்ன செய்யலாம்?

கேள்வி: ஊருணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த சாக்கோட்டை ஒன்றியத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பள்ளியில் 46 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து, இரண்டாம் பருவப் புத்தகங்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. இனி அரையாண்டுத் தேர்வு வரையுள்ள மாதங்கள்தான் எங்களுக்குக் கடினமான காலம். எங்கள் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதைக்கும் புழுதி விதைப்பு என்பதால், ஐப்பசியில் மழை பிடித்ததும் களையெடுப்புத் தொடங்கிவிடும். விடியற்காலையில் வயலுக்குப் போகும் தாய்மார்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? சென்ற கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர்; அவர்களிலும் இருவர் பிள்ளையை அழைத்துப் போக வந்து, தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால் உட்கார்ந்தவர்கள்.

இவ்வாண்டு இந்தப் பருவத்துக்கென்று ஒரு பக்கத்தில் பள்ளிச் செய்தி எழுதி, ஊரில் உள்ளவர்களுக்கும் வெளியூரில் வாழும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அனுப்பலாம் என்று தலைமையாசிரியர் சொல்லி, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். கூட்டம் நடைபெறும், விழா நடைபெறும், அனைவரும் வருக என்று அலுவலகச் சுற்றறிக்கை போலவே இருக்கிறது. மழைக்காலத்துக்குப் பொருந்தும்படி பிள்ளைகளைக் கொண்டு எதைச் செய்யலாம், அதை ஊரார் விரும்பிப் படிக்கும்படி எப்படி எழுதலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்லல்

அம்மா, உங்கள் கேள்வி எனக்கு என் பணிக்காலத்தை நினைவூட்டியது. 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நடக்கப்போவதை எழுதாதீர்கள், பிள்ளைகள் செய்ததை எழுதுங்கள். "விழா நடைபெறும்" என்பதை யாரும் நின்று படிப்பதில்லை. "நேற்று மழையை அளந்தவர்கள் நான்காம் வகுப்பு மாணவர்கள்" என்று எழுதினால், அந்தப் பிள்ளையின் தாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிப்பார்.

மழைக்காலத்துக்கு மழையை அளப்பதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனல் போல் அதன்மேல் பொருத்துங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கற்களைப் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் நான் இதைச் செய்யாமல் விட்டதால், அந்த ஐப்பசி முழுவதும் பிள்ளைகள் எழுதிய கணக்கு தவறாகப் போயிற்று. இன்றும் அது என் மனத்தில் இருக்கிறது. மரத்தடியும் கூரையோரமும் ஆகாது, திறந்த வெளியில் வைக்க வேண்டும். வானிலைத் துறையினர் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவைப் பதிவு செய்கிறார்கள். காலை உணவுக்காகப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பள்ளியில்தான் இருப்பார்கள் என்பதால், அதே நேரத்தில் நீங்களும் எடுக்கலாம். நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருவராக முறைவைத்து அளக்கட்டும். அளந்தவர்கள் யார் என்பதையும் அளவையும் வாசலில் உள்ள பலகையில் அன்றே எழுதட்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் பள்ளிக் கட்டடத்தின் மேற்பரப்பு 90 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் மழைக்கு 1,080 லிட்டர் மேலிருந்து வழிந்து போகிறது. இந்தக் கணக்கைப் பெருக்கல் வாய்பாடு தெரிந்த பிள்ளை தானே போட்டுப் பார்த்துவிட்டு, "அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?" என்று கேட்கும். அந்தக் கேள்வியோடு வரிசையாக ஊருணி வரை நடத்தி அழைத்துச் செல்லுங்கள், ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை அவர்களே காட்டுவார்கள்.

இரண்டாவது, பனை. புரட்டாசியில் விழுந்த பனங்கொட்டைகள் இப்போதும் கிடைக்கும். பெரும்பாலானவற்றைக் கண்மாய்க் கரையில் ஊன்றலாம்; ஒரு கூடை அளவை மட்டும் பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் மணற்பாத்தி போட்டு நெருக்கமாகப் பதித்து வையுங்கள். பொங்கலை ஒட்டித் தோண்டினால் கிழங்கு இருக்கும். கண்மாய்க்கரைப் பனை பலன் தரும்போது இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி இருப்பார்கள். கிழங்கோ மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வந்துவிடும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க அந்தக் கால அளவு சரியாக இருக்கிறது.

விஜயதசமிக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. அன்று தொடக்கப் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்க்கை நடத்தும் வழக்கம் அரசுப் பள்ளிகளிலும் வந்துவிட்டது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் நவராத்திரிக்குப் பிள்ளைகள் கோலாட்டக் கோலுடன் வீடு வீடாகப் பாடிச் செல்வார்கள் என்றும், வாத்தியாருக்கு வீட்டார் இயன்றதைக் கொடுப்பார்கள் என்றும் என் தந்தையார் சொல்வார். விஜயதசமியை எங்கள் பக்கம் மகர்நோன்பு என்பார்கள்; காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்ற பெயர் இன்றும் அந்தத் திருநாளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எதையும் வாங்காமல், ஐந்து வயது நிறைந்த குழந்தை உள்ள வீடுகளின் முன் நின்று ஒரு பாட்டைப் பாடிவிட்டு வந்தாலே போதும். அந்தத் தெருவில் அன்று மாலை முழுவதும் பள்ளியைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.


பதில்: இரு பிள்ளைகளின் தாய், தேவகோட்டை

சகோதரி, ஐயா சொன்னவற்றோடு காலை உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் இது. ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்தான். அதாவது, உங்கள் பள்ளிக்குள் ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டும் பெண்கள் உங்கள் ஊர்க்காரர்கள். அவர்களைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வரியாவது இருக்கிறதா?

எங்கள் பள்ளியில் மாதம் ஒரு புதன்கிழமை, பொங்கல் போடும் நாளில், ஐந்து தாய்மார்களை அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சுவைத்துப் பார்க்கச் சொல்கிறோம். வயலுக்குப் போகிறவர்களும் எட்டேகால் மணிக்கு வந்துவிட்டு ஒன்பதுக்குள் போய்விட முடிகிறது. சாம்பாரில் காய் போதவில்லை என்று முதல் மாதமே ஒருவர் சொன்னார். மறுநாளே அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பூசணிக்காய் வந்தது. பிற்பகல் கூட்டத்தில் பேசாத பெண்கள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் பேசுகிறார்கள். கூட்டத்தின் பொருளையும் அங்கேயே பேசி, வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் வாங்கிக்கொள்ளலாம்.

நவம்பர் 14 பற்றி ஒரு வேண்டுகோள். சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த பிள்ளை படித்த பள்ளியில் குழந்தைகள் தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் வர இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. தூறல் போட்டபோதும் வரவேற்பு வரிசை கலையக் கூடாது என்று பிள்ளைகளை நிற்க வைத்தார்கள். என் மகன் கையில் பிடித்திருந்த காகிதப்பூவின் சாயம் கரைந்து சட்டை முழுவதும் சிவப்பாகி, அன்றிரவு காய்ச்சல் வந்தது. பிள்ளைகளுக்கான நாளில் பிள்ளைகள் யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது. அந்த நாளில் தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம். பள்ளியில் உள்ள புத்தகங்களை எல்லாம் பாயில் பரப்பி வைத்து, வந்த பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் படித்துக் காட்டினால் அதுவே விழா. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, தன் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்பதைவிடப் பெரிய நிகழ்ச்சி இல்லை.


பதில்: முன்னாள் மாணவர், சிங்கப்பூர்

ஆச்சி, வெளியூரில் இருப்பவர்கள் எதைப் படிப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக ஊரிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் அனைத்தும் நன்கொடை கேட்டு வந்தவையே. இயன்றதைக் கொடுத்தேன், அதில் வருத்தம் இல்லை. ஆனால் நான் படித்த அறையின் சன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரம் இன்னும் இருக்கிறதா என்பதை ஒருவரும் எழுதியதில்லை. அந்தப் பாட்டிலில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் நிறைந்தது என்று எழுதுங்கள். ஊரில் மழையா என்று தொலைபேசியில் கேட்கும் எங்களைப் போன்றவர்கள் அதற்காகவே அந்தத் தாளைத் தேடுவோம். பணத்தேவை ஏதேனும் இருந்தால், தனி ஆள் பெயரில் திரட்டாமல், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்தின் வழியாகக் கேட்டால் எங்களுக்கும் மனம் தெளிவாக இருக்கும்.

இன்னொன்று. எங்கள் வீடு ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கிறது. முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கோயில் காரியங்களுக்கும்தான் வந்து திறக்கிறோம். வீட்டின் நடுவில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் வந்து விழும். எங்கள் அப்பத்தா அந்த மூலைகளில் அண்டாவையும் கிடாரத்தையும் வைத்து, முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்து வடிகட்டிக் குடிக்க வைத்திருப்பார்கள். மழை பெய்யும் ஒரு பிற்பகலில் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்து காட்டுங்கள். சாவி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்கிறது, நான் இன்றே சொல்லிவிடுகிறேன். நடுவீட்டுக் கோலம் போடத் தெரிந்த ஆச்சிமார்கள் இருவர் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்தால் பிள்ளைகளுக்குக் கோலமும் கிடைக்கும், அவர்களுக்கும் ஒரு மாலை நல்லபடியாகக் கழியும்.


பதில்: மேலாண்மைக் குழுத் தலைவி, திருப்பத்தூர் பக்கம்

சுருக்கமாகச் சில செய்திகள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் குழுக்களை மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதிய சிங்கப்பூர் அண்ணனைப் போன்றவர்கள் ஊரில் இருந்தால் குழுவுக்குள்ளேயே கொண்டு வரலாம். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை கூடும். மழையளவுப் பதிவேட்டையும், அடைபட்ட வரத்துக்காலைப் பற்றிய பிள்ளைகளின் குறிப்பையும் அங்கே படித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாட்களில் பறந்துவிடும் என்பதால், கொட்டாங்கச்சி, உடைந்த வாளி, பழைய டயர் ஆகியவற்றைத் தேடிக் கவிழ்க்கும் வேலையை வெள்ளிக்கிழமைதோறும் வைத்துக்கொள்ளுங்கள். மழைமானியில் உள்ள தண்ணீரையும் அளந்தவுடன் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். அந்த அடித்தண்ணீரையும் வாரம் ஒரு முறை மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் படத்தைப் போடுவதற்கு முன் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கைகள், கோலம், பாத்தி, பலகை இவற்றைப் படமெடுத்தாலே செய்தி நிறைந்துவிடும்.


ஊருணிக்கரை எழுதியது

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைத் தலைமையாசிரியரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். மழைமானி வைத்துவிட்டோம். முதல் நாள் இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் பாட்டில் சாய்ந்து கிடந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து மூன்று செங்கற்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சுற்றிலும் அணைத்து வைத்தான். அதன் பிறகு அசையவில்லை. புதன்கிழமைப் பொங்கலுக்கு ஏழு தாய்மார்கள் வந்தார்கள், கூட்டமும் அங்கேயே நடந்தது. பூட்டிய வீட்டின் வளவுக்குப் போவது அடுத்த நல்ல மழைக்கு.

செய்தியை அச்சடிக்கவில்லை. பிள்ளைகளே எழுதி, ஒரு படியைப் பள்ளி வாசலிலும் ஒன்றை நியாயவிலைக் கடையிலும் ஒன்றைப் பேருந்து நிறுத்தத் தேநீர்க் கடையிலும் ஒட்டியிருக்கிறோம். படமெடுத்து வெளியூர்க்காரர்களுக்கும் அனுப்பியாயிற்று. முதல் தாளில் இருப்பது இதுதான்:

"செவ்வாய்க்கிழமை மழை 12 மில்லிமீட்டர். புதன்கிழமை மழை இல்லை. வியாழக்கிழமை 31 மில்லிமீட்டர். அளந்தவர்கள் ஐந்தாம் வகுப்பு இருவர், நான்காம் வகுப்பு இருவர். பனங்கொட்டை 64 ஊன்றினோம், 20 பாத்தியில் இருக்கிறது, யாரும் தோண்டிப் பார்க்க வேண்டாம். விஜயதசமி அன்று முதல் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஊருணி வரத்துக்காலில் கீழத்தெரு மதகுப் பக்கம் மண் அடைத்திருக்கிறது. சன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறது, இரண்டு கிளிகள் வருகின்றன."