‘மோட்டோ’வுக்கு ‘நடை’: மோட்டோகிராஸ் கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் போட்டியான மோட்டோகிராசில், ஒரே போட்டிக்குள் தனித்தனியே புறப்பட்டு முடியும் ஒவ்வொரு ஓட்டத்தையும் ‘மோட்டோ’ என்பார்கள். அதற்குப் ‘பந்தயம்’ என்ற சொல்லே போதும் என்று முந்தைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். செய்தித் தலைப்புக்குப் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே அச்சொல் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

உலகச் சாம்பியன்ஷிப் பருவத்தில் பல இடங்களில் நடக்கும் போட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு கிராண்ட் பிரீ. அதன் முடிவு ஒரே ஓட்டத்தில் தீர்வதில்லை. அதே வீரர்கள் அதே தடத்தில் இரண்டு முறை தொடக்கக் கதவின் பின்னே வரிசையாக நின்று புறப்படுகிறார்கள். ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் கழிந்தபின் மேலும் 2 சுற்றுகள் ஓட்ட வேண்டும். முதலிடத்துக்கு 25, அடுத்து 22, 20, 18, 16 என்று இறங்கி, இருபதாம் இடத்துக்கு 1 புள்ளி கிடைக்கிறது. இரண்டின் கூட்டுத்தொகையே கிராண்ட் பிரீயை வென்றவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே, இரண்டிலும் இரண்டாவதாக வந்து 44 புள்ளி எடுத்தவர், ஒன்றில் முதலாவதாகவும் மற்றதில் ஐந்தாவதாகவும் வந்து 41 எடுத்தவரை முந்திவிடுகிறார். நண்பரின் சொல்லைக் கொண்டு இதை எழுதினால், ‘எந்தப் பந்தயத்தையும் வெல்லாதவர் பந்தயத்தை வென்றார்’ என்று வருகிறது. படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். இருவர் 47 புள்ளிகளில் சமமாக நின்றால், பின்னதில் முந்தி வந்தவருக்கே வெற்றி என்ற விதியை விளக்கும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது.

பரிந்துரைக்கப்பட்ட பிற சொற்களில் ‘சுற்று’ என்பதை முதலிலேயே விலக்கிவிடலாம். தடத்தை ஒருமுறை வலம் வருவதற்கு அது நிலைத்துவிட்டது. போதாக்குறைக்கு, பருவத்தின் ஒவ்வொரு கிராண்ட் பிரீயையும் நாளிதழ்கள் சுற்று என்றே எழுதுகின்றன. ‘ஓட்டம்’ கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. ‘கட்டம்’ என்றால், தோற்றவர் வெளியேற, வென்றவர் மேலே செல்வது போன்ற பொருள் தொனிக்கிறது. மோட்டோகிராசில் அப்படி யாரும் கழிக்கப்படுவதில்லை. முதலாவதில் விழுந்து கடைசியாக வந்தவரும் இரண்டாவதில் மற்றவர்களோடு புதிதாகப் புறப்படுகிறார்.

என் பரிந்துரை ‘நடை’. ‘லாரி இரண்டு நடை அடித்தது’, ‘இன்னொரு நடை போய் வா’ என்று பேச்சில் நாம் சொல்லும் அதே நடைதான். ஒரே வழியில், ஒரே வேலையின் பகுதியாக, ஆனால் தனித்தனியே புறப்பட்டு முடியும் பயணத்தை அது குறிக்கிறது. வேகப் போட்டிக்கு ‘நடை’யா என்று சிலர் சிரிக்கக்கூடும், லாரியும் நடந்து போவதில்லை. ‘இரண்டாம் நடையின் கடைசிச் சுற்றில் முந்தியதால் பந்தயத்தை வென்றார்’ என்ற வாக்கியத்தில் மோட்டோவுக்கு நடை, தடத்தை வலம் வருவதற்குச் சுற்று, கிராண்ட் பிரீக்குப் பந்தயம் என மூன்று சொற்களும் தத்தம் இடத்தில் தெளிவாக நிற்கின்றன.

வரையறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பந்தய முடிவுக்கான கூட்டுத்தொகையில் சேர்வது மட்டுமே நடை. முந்தைய நாளின் தகுதி ஓட்டத்தில் முதல் பத்துப் பேருக்கு 10 முதல் 1 வரை புள்ளிகள் உண்டு; எனினும் அவை சாம்பியன்ஷிப் கணக்குக்கே போகின்றன, அந்தக் கிராண்ட் பிரீயின் கணக்குக்கு அல்ல. எனவே அது நடை ஆகாது. ‘தகுதி ஓட்டம்’ என்றே இருக்கட்டும். அங்கே அடைமொழி இருப்பதால் கிரிக்கெட்டோடு மோதாது.

1947இல் தொடங்கிய நாடுகளுக்கிடையிலான மோட்டோகிராஸ் போட்டியிலும் இச்சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். இன்றைய முறைப்படி அணிக்கு மூன்று வீரர்கள், மொத்தம் மூன்று நடைகள், வீரருக்கு இரண்டு நடைகள். கிடைக்கும் ஆறு இடங்களில் மிக மோசமானதை நீக்கிவிட்டு, மற்ற ஐந்தின் கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அதுவே வெல்கிறது. சொல் இடறவில்லை.

முதல் வளைவை முதலாவதாகக் கடப்பதைக் குறிக்கும் ‘ஹோல்ஷாட்’டுக்கு ஒருவர் ‘துளையடி’ என்று எழுதியிருந்தார். அதைத் தயவுசெய்து கைவிட வேண்டுகிறேன். ‘வளைவு முந்தல்’ என்றால் கேட்டவுடன் விளங்கும்.