ஒன்வே கால் போட்ட பிறகு, டீ நேரம் முடிந்து வரும் முதல் லோடு மட்டும் காணாமல் போகிறது

வடுவூர்க்காரன்:
மன்னார்குடி பக்கம் ஒரு நெல் மில்லில் எடைமேடை மென்பொருள் என் பொறுப்பு. வண்டி ஏறி இறங்கியதும் டோக்கன் எண், மொத்த எடை, காலி வண்டி எடை மூன்றும் வெளியில் உள்ள சர்வருக்குப் போக வேண்டும். பைத்தானில் எழுதியது; சர்வரில் உள்ள செயல்பாட்டை இங்கிருந்தே அழைக்க (அதுதான் ‘கால்’) அப்பாச்சி திரிஃப்ட். சர்வருக்கு முன்னால் இணைப்புகளை வாங்கிக் கடத்திவிடும் ஹெச்ஏபிராக்ஸி.

முதலில் பதிலுக்குக் காத்திருக்கும் சாதாரண கால்தான். மாசியில் சம்பா வந்து குவியும்போது நெட் இழுத்தால் திரை அப்படியே நின்றுவிடும். பின்னால் பத்துப் பதினைந்து டிராக்டர் ஹாரன் அடிக்கும், கணக்குப்பிள்ளை என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே ‘ஒன்வே வாய்ட்’, அதாவது அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காத கால் என்று மாற்றினேன். திரை பறக்கிறது. மனுஷன் டீ கூட வாங்கித் தந்தார்.

ஆனால் சாயங்காலக் கணக்கு உதைக்கிறது. நேற்று 63 சீட்டு, சர்வரில் 61. ஒன்று காலை டீக்குப் பிறகு வந்த பொன்மணி நெல் லோடு, இன்னொன்று சாப்பாடு முடிந்து வந்த முதல் வண்டி. முந்தாநாளும் இதே கதை. தொலைந்த லோடுக்கு லாக்கில் எர்ரரே இல்லை. அதற்கு அடுத்த வண்டிக்குத்தான் ‘புரோக்கன் பைப்’ (இணைப்பு அறுந்தது) என்று எர்ரர் வருகிறது. நிரல் மறுபடி இணைத்து அதை அனுப்பிவிடுகிறது, அதனால் கண்டுகொள்ளவில்லை. விட்டுப்போனதை மறுபடி அனுப்பும் டிசிபியில் போவது எப்படித் தொலையும்?

குடந்தை_சாக்கெட்:
தம்பி, கண்டுகொள்ளாமல் விட்டீர்களே, அந்த வரிதான் விடை. வண்டி வராத நேரத்தில் பிராக்ஸி இணைப்பை மூடிவிடுகிறது. மூடிய சேதி உங்கள் கணினிக்கு வந்துவிடும். ஆனால் சாக்கெட்டை (இணைப்பின் இந்த முனையை) படித்தால்தானே நிரலுக்குத் தெரியும்? ஒன்வேயில் நீங்கள் படிப்பதே இல்லை. எழுதுவது உங்கள் கணினியின் கெர்னல் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் இடத்தில்) விழுந்ததுமே ‘சரி’ என்று திரும்பிவிடும். மறுமுனை அதை வாங்காமல் ‘இந்த இணைப்பே இல்லை’ என்று ரீசெட் அனுப்பும். அது வந்து சேர்ந்த பிறகு எழுதும் அடுத்த லோடுதான் அடி வாங்கும். தபால்பெட்டியில் போட்டுவிட்டு ‘போய்ச் சேர்ந்தது’ என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

பாபநாசம் பாலு:
பிராக்ஸியில் சும்மா கிடக்கும் இணைப்பை மூடும் டைம்அவுட்டை ரெண்டு மணி நேரமாகக் கூட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

குடந்தை_சாக்கெட்:
முடியாது பாலு. கரண்ட் போய் ரூட்டர் அணைந்தால்? சர்வர் வாங்கிக்கொண்டு டேட்டாபேஸில் எழுதும்போது தடுக்கினால்? ஒன்வேயில் எக்ஸெப்ஷன் (பிழைச் சேதி) திரும்பி வர வழியே கிடையாது. இதே வேலைக்கான இன்னொரு முறை ஜேசன் ஆர்பிசி 2.0-இலும் ஐடி (கோரிக்கை எண்) இல்லாமல் அனுப்பினால் சர்வர் பதில் சொல்லவே கூடாது என்பது விதி. மற்றொன்றான ஜிஆர்பிசியில் ஒன்வே என்பதே இல்லை, வெறும் பதிலாவது வந்தாக வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

திருவாரூர் அக்கா:
நாங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒன்று செய்தபோது இதே பள்ளத்தில் விழுந்தோம். உங்களுக்கு வேண்டியது திரை நிற்காமல் இருப்பது. அதற்கு ஒன்வே தேவையில்லை. சீட்டு அடித்ததும் அந்தக் கணினியிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள், திரையை விட்டுவிடுங்கள். பின்னால் தனியாக ஓடும் திரெட் ஒன்று சாதாரண காலில் அனுப்பட்டும், பதில் வந்தால் மட்டும் ‘போனது’ என்று குறிக்கட்டும். பதில் வழியில் தொலைந்தால் அதே சீட்டு இரண்டு முறை போகும். அதனால் சர்வரில் டோக்கன் எண்ணை யூனிக் (ஒரே எண் இரண்டு முறை ஏறாதபடி) ஆக்குங்கள். எண் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்குமானால் வருஷத்தையும் சேருங்கள். நாங்கள் சேர்க்காமல் ஒரு குறுவை முழுக்கத் திண்டாடினோம்.

வடுவூர்க்காரன்:
அக்கா, அண்ணே, பார்த்துவிட்டேன். பிராக்ஸியில் டைம்அவுட் பத்து நிமிஷம் வைத்திருக்கிறது, வைத்தது நானேதான். எஸ்க்யூலைட் வேலை நேற்று ராத்திரி முடிந்தது. இன்று மதியம் ரூட்டரை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு நான்கு வண்டி ஏற்றினேன். செருகியதும் நான்கும் போய்ச் சேர்ந்தன. முதலாளி வீட்டுத் திரையில் நொடிக்கொரு தரம் ஓடும் எடைக்கு மட்டும் ஒன்வேயை விட்டுவைத்திருக்கிறேன். அதில் ஒரு எண் தவறினால் அடுத்த நொடி வேறு எண் வந்துவிடும். பழைய லோடுகளை இப்போது சீட்டு அடிக்கட்டையைப் பார்த்துக் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு டீ என் செலவு.