கவிதையில் விடுபட்ட கணக்கு

குழு ஒருங்கிணைப்பாளர்:

கவிதை, புகைப்படம், ஓவியம் போன்றவற்றைக் கொண்டு மக்களின் அனுபவத்தை ஆராயும் கலைவழி ஆய்வுமுறைகளைப் பற்றி மாதம் ஒரு கட்டுரையாக வாசித்து வருகிறோம். வாசித்ததை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனவர்கள் அங்கு நேர்ந்ததை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். சரிவராமல் போனவற்றையும் எழுதலாம். உண்மையில் அவற்றைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

தென்காசியிலிருந்து, சமூகப்பணித் துறை ஆய்வு மாணவி:

நேர்காணலின் எழுத்துப்படியிலிருந்து கவிதை அமைக்கும் முறையைப் பற்றி ஆய்வாளர் கொரின் க்ளெஸ்னி 1997இல் எழுதிய கட்டுரையை நாம் வாசித்த மாதத்தில்தான், பீடி சுற்றும் பெண்களிடம் நான் நேர்காணல் எடுத்துக்கொண்டிருந்தேன். க்ளெஸ்னி, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 86 வயதுப் பேராசிரியை ஒருவரின் பேச்சிலிருந்து தம் கவிதைகளை அமைத்தார். சொற்கள் யாவும் சொன்னவருடையவையாகவே இருக்க வேண்டும், அவற்றை எந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்து அடுக்கலாம், ஆனால் அவருடைய பேச்சின் தாளம் கெடக் கூடாது என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. கைக்கு அடக்கமான விதியாகவே எனக்குத் தோன்றியது.

ஓர் அக்காவின் நேர்காணல் 31 பக்கம் வந்தது. அதை 22 வரியாக்கி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மடியில் சுளகு, அதில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய இலைக்கட்டு. வாசித்து முடிக்கும்வரை அவருடைய விரல்கள் நிற்கவில்லை. முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு, எல்லாம் நான் சொன்னதுதான். ஆனா அந்த இலைக் கணக்கை எங்க காணும்?" என்று கேட்டார்.

ஆயிரம் பீடிக்கென்று கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் போதாது என்பதையும், குறைந்த இலையைத் தாமே காசு கொடுத்து வாங்குவதையும், கொண்டுபோய்க் கொடுக்கும்போது சில பீடிகளைக் கழித்துத் தள்ளிவிடுவதையும் அவர் கால் மணி நேரத்துக்கு மேல் விளக்கியிருந்தார். கவிதைக்கு ஒத்துவராது என்று அதை முழுவதும் நான் நீக்கியிருந்தேன். புகையிலை வாடை, நகக்கண்ணில் ஏறிய கறை, அம்மா விட்டுப்போன, இலை வெட்டும் கத்தரி ஆகியவை மட்டுமே என் 22 வரிகளில் இருந்தன. ஒரு சொல்கூட என்னுடையது இல்லை என்று விதிப்படி நான் சத்தியம் செய்யலாம்; ஆனால் எதை விட வேண்டும் என்று முடிவு செய்தவள் நான். அவரோ தம் வாழ்க்கையின் மையமாக எண்ணியிருந்தது அந்தக் கணக்கைத்தான்.

அன்று மாலையே இருவரும் சேர்ந்து அதைத் திருத்தினோம். புதிதாகச் சேர்ந்த வரிகளில் சில:

ஆயிரத்துக்கு இலை பத்தாது.
பத்தாத இலைக்கு நம்ம காசு.
சுத்தினது ஆயிரத்துக்கு மேல,
எண்ணினது ஆயிரம்.

கத்தரி வரியை எடுத்துவிடச் சொன்னார். அது தமக்கும் அம்மாவுக்கும் உள்ளது என்றார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. எடுத்துவிட்டேன்.

மதுரையிலிருந்து, தொண்டு நிறுவனப் பணியாளர்:

மேலே எழுதிய சகோதரிக்கு நேர்ந்தது எழுத்தில் மட்டும் நேர்வதன்று. கேமராவை மக்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் தெரிவு செய்யும் அதிகாரமும் அவர்களிடம் போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன். ஆய்வாளர்கள் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 62 கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்துச் செய்த பணியை வாசித்ததிலிருந்து வந்த நம்பிக்கை அது. சோளக்கொல்லையில் தாய் களையெடுக்க, குழந்தை வரப்போரம் தனியே கிடக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். அதிகாரிகளுக்குக் குழந்தைக் காப்பகத்தின் தேவையை அது எடுத்துச் சொன்னது.

நானும் அப்படியொரு படத்துக்காகவே காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகும் 7 பெண்கள் இரண்டு வாரத்தில் கொண்டுவந்த 84 படங்களில் வேலையிடம் தெரிந்தவை 3 மட்டுமே. மற்றவை ஆட்டுக்குட்டி, மகளின் மதிப்பெண் பட்டியல், தவணையில் வாங்கிய கிரைண்டர், கோயில் கொடை. "தெனம் பாக்குற செங்கலை எதுக்குப் படம் பிடிக்கணும்?" என்று ஒருவர் சிரித்தார். நானும் அதை எழுதிவைத்துக்கொண்டேன். அழகான பதில் என்று நினைத்தேன்.

'இங்கே என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்வோடு எப்படித் தொடர்புடையது, ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம்' என்று படத்தை வைத்துக் கேட்கும் வரிசை ஒன்று அம்முறையில் உண்டு. எடுக்காத படத்துக்கு அதில் கேள்வி இல்லை. நான்காவது கூட்டத்தில், தேநீர் குடித்து எழும்பும் நேரத்தில், அந்த 3 படங்களை எடுத்தவர்தாம் சொன்னார்: சாரத்தின் கீழே யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தால், மறுநாள் அந்தப் பெண்ணை மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடமாட்டாராம். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது போய் எடுத்திருக்கிறார். அந்த 3 படங்களையும் கண்காட்சியில் வைக்கவில்லை.

சென்னையிலிருந்து, செவிலியர்:

சுருக்கமாக எழுதுகிறேன். கேப் டவுன் அருகே கயேலிட்ஷாவில் 2002இல் எச்ஐவி தொற்றுடன் வாழ்ந்தவர்கள் தம் உடலின் ஆளுயர வடிவத்தைத் தாளில் வரைந்து, அதைத் தம் கதையால் நிரப்பிய முறையை நம் கூட்டத்திலேயே செய்துபார்த்தோம். படித்தவர்கள் பதினோரு பேர் கூடியிருந்த அறையில் தாளின் மேல் படுக்க ஒருவரும் முன்வரவில்லை. கையை வைத்து வரைந்துகொண்டு கலைந்தோம். அதற்குப் பின்பு நோயாளிகளிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தென்காசி ஆய்வு மாணவியிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தக் கவிதை யார் பெயரில் வெளிவரும்?

தென்காசியிலிருந்து:

பெயர் போட வேண்டாம் என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார். இலைக் கணக்கு எந்தக் கடையைப் பற்றியது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் பெயரை மட்டும் போட எனக்குக் கூசுகிறது. சொன்னவர், தொகுத்தவர் என்று இரண்டு வரி விட்டு, முதல் வரியை வெறுமையாக வைத்திருக்கிறேன். நெறியாளர் இன்னும் பார்க்கவில்லை.