ருபார்ப் செடியின் ‘கிரௌன்’: மகுடமா, தூரா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடியைப் பிரித்து நடுவது பற்றி நாம் தமிழாக்கிய குறிப்பில், வேரும் முளையும் சேரும் அடிப்பகுதியான ‘கிரௌன்’ (crown) என்பதற்கு ‘மகுடம்’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மகுடம் உச்சியில் இருப்பது. அன்னாசியின் உச்சியைக்கூடக் கொண்டை என்றுதானே சொல்கிறோம்? ருபார்பில் இந்தப் பகுதி மண்மட்டத்தில் பாதி புதைந்து கிடக்கிறது.

இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு வருடச் செடி ஒன்று. தண்டு மெலிந்துகொண்டே வந்ததால் போன நவம்பரில், இலையெல்லாம் கருகி விழுந்த பிறகு, தோண்டி எடுத்தேன். மண்ணைக் கழுவினால் மரக்கட்டை மாதிரி ஒரு முண்டு. அதன் மேல் செந்நிறத்தில் உருண்டையான முளைகள். மண்வெட்டியை வைத்து மிதித்துப் பிளந்தேன். உள்ளே மஞ்சள் நிறம். நாட்டு மருந்துக் கடை ரேவல்சின்னியும் இந்த இனம்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த முண்டைப் பார்த்ததும் வாயில் வந்த சொல் ‘தூர்’. எலுமிச்சைப்புல்லைத் தூர் பிரித்துத்தானே நடுகிறோம்! இந்த ஊர் விவசாயிகளும் இரண்டு வருடம் வயலில் வளர்ந்து குளிர் பட்ட செடியைத் தூரோடு பெயர்த்துத்தான், தண்டு நீள்வதற்காக இருட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோகிறார்கள்.

நான்கு துண்டு நட்டேன். இரண்டு அழுகிப்போயின. அவற்றில் முளையே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அதனால் பிரித்த துண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும், பெயரிலேயே முளை இருக்க வேண்டும். கரும்பில் ஒரு முளை உள்ள நடவுத் துண்டை ‘ஒரு பருக் கரணை’ என்பதுபோல் இதற்குப் ‘பருத்தூர்’ என்று வைக்கலாமா?

———

ஐயா, தூர் சரி. ஆனால் நெல்லில் ‘பத்துத் தூர் வெடித்தது’ என்றால் பக்கக் கிளைகள்தானே, குழப்பாதா? ‘பரு’ என்றதும் நகரத்தில் வளர்ந்தவருக்கு முகப்பருதான் தோன்றும். உருளைக்கிழங்குக்குச் சொல்வதுபோல் ‘கண்’ போதாதா?

———

அம்மா, நெல்லில் கிளையையும் அடியையும் தூர் என்கிறோம், இடம் பார்த்துப் பொருள் பிரிந்துவிடுகிறது. கண் என்றால் குழியாக உள்வாங்கியது. ருபார்பில் இருப்பது விரல்பட்டாலே தெரியும்படி புடைத்து நிற்கிறது, ஆகவே பருவை விட மனமில்லை. முதல் முறை வரும் இடத்தில் ‘பரு (முளை)’ என்று போட்டுவிடுவோம்.

அப்புறம், மகுடத்தை நீக்கும்போது நடவு வரியையும் மாற்றிவிடலாம்: “பருத்தூரைப் பரு மண்மட்டத்தில் தெரியும்படி நடுக. நீர் தேங்கும் மண்ணானால் சற்று மேலே நிற்கட்டும். செடிக்குச் செடி 90 செ.மீ. முதல் வருடம் தண்டு பறிக்க வேண்டாம்.” இலை நஞ்சு என்ற வரி அப்படியே இருக்கட்டும்.

இருட்டுக் கொட்டகையில் தண்டை நீள வைக்கிறார்களே, அதற்கு என்னிடம் சொல் இல்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.