தலைமுடிக் கருவிகளோடு விமானப் பயணம்: உங்களுக்கு என்ன நடந்தது?

சுருள்கூந்தல்:

போன மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

என் முடி ஈரக்காற்று பட்டாலே உப்பிவிடும். ஸ்ட்ரெயிட்னர் இல்லாமல் எந்த விசேஷத்துக்கும் போக மாட்டேன். இந்த முறை அக்கா மகள் திருமணம், அதுவும் வெளிநாட்டில். அன்றைக்கு அறை அறையாகப் பிளக் தேடி அலைய வேண்டாமே என்று, சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் ஒயர் இல்லாத ஸ்ட்ரெயிட்னர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்தேன்.

பெட்டியைப் போட்டுவிட்டு, சோதனை வரிசையில் போய் நிற்பதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயர். ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள். திரையில் என் பெட்டியின் ஸ்கேன் படம். துணியெல்லாம் மங்கலாகத் தெரிய, அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது: நீளமாக இரண்டு தகடுகள், கைப்பிடிக்குள் உருளையாக இரண்டு பேட்டரிகள். பெட்டியை என்னையே திறக்கச் சொன்னார்கள். அதிகாரி அதை வாங்கி, விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியின் அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தார்.

"பேட்டரியைத் தனியாகக் கழற்ற வருமாம்மா?"

வராது. உள்ளேயே வைத்து மூடிய மாதிரி அது. "அப்படியென்றால் பெட்டியிலும் அனுப்ப முடியாது, கையிலும் கொண்டுபோக முடியாது" என்றார். வழியனுப்ப வந்தவர்கள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு வந்தேன். ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தியிருந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அந்தக் கருவி வந்த அட்டைப் பெட்டியில் 'பயணத்துக்கு ஏற்றது' என்று அச்சடித்திருந்தார்களே, அதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

வாரமொருவிமானம்:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தோழி. வேலை காரணமாக ஓயாமல் பறக்கிறவள் நான். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒயர் உள்ள ட்ரையர், ஸ்ட்ரெயிட்னர், கர்லர் இவற்றில் பேட்டரியும் இல்லை, கேஸும் இல்லை. பிளக்கில் செருகினால்தான் சூடாகும். அதனால் பொதுவாக எந்தப் பையிலும் வைக்கலாம். பேட்டரியில் ஓடுவது வேறு. பெட்டிக்குள் ஏதாவது அழுத்தி பட்டன் ஆன் ஆகிவிட்டால், சில நிமிடங்களில் 200 டிகிரி வரை போய்விடும், அதுவும் துணிக்கு நடுவே. அதனால்தான் சூடாகும் பாகத்தையும் பேட்டரியையும் பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் தகடோ ஃப்யூஸோ ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும். சில மாடல்களில் பயணத்துக்கென்றே மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி இருக்கும். அதை ஏற்பார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கழற்றிய லித்தியம் பேட்டரி கேபின் பையில்தான், அதாவது கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் பையில்தான் வர வேண்டும். கேபினில் புகை வந்தால் உடனே யாராவது பார்த்து அணைப்பார்கள். கீழே சரக்கு அறையில் போய் யார் பார்ப்பது? பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் போதும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அந்தக் கணக்கு வந்துவிடும். என்னுடையதில் 7.4 வோல்ட், 2600 மில்லிஆம்பியர்-மணி (2.6 ஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கும், அதாவது சுமார் 19 வாட்-மணிதான். ஆக, அளவு பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை, கழற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு தடவை கேட் வரை போனபின், மேலே இடமில்லை என்று என் கேபின் பையையும் கீழே அனுப்பக் கேட்டார்கள். பேட்டரி அதற்குள். வரிசையிலேயே குனிந்து பையைத் திறந்து, எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, தோள்பையில் போட்டுக்கொண்டு பையைக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேட்டரிக்கென்று ஒரு சின்ன பௌச், அது எப்போதும் தோள்பையில்தான்.

நீளப்பின்னல்:

எனக்கு நடந்தது கேஸ் கர்லர் கதை. பியூட்டேன் கேஸில் சூடாகுமே, அது. மின்சாரம் நிலையில்லாத இடங்களுக்கு அடிக்கடி போவேன், அதற்காகவே வைத்திருக்கிறேன். சூடாகும் குழல் மேல் மூடியை இறுக்கமாகப் போட்டு, கேபின் பையில் கொண்டுபோனேன், விட்டுவிட்டார்கள். ஆனால் கூடவே மாற்றுக் கேஸ் குப்பி ஒன்று வைத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு கருவி, மூடி கட்டாயம், மாற்றுக் கேஸ் எந்தப் பையிலும் கூடாது என்றார்கள். அமெரிக்காவில் இந்தக் கருவியைக் கேபின் பையில் மட்டும்தான் அனுமதிக்கிறார்கள், பெரிய பெட்டியில் போடக் கூடாது. பேட்டரி, கேஸ் இரண்டுமே இல்லாத கருவி இருக்கும்போது இவ்வளவு சிரமம் வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன்.

மணமகள்அலங்காரம்:

என் தொழிலே மணப்பெண் அலங்காரம். ஒரு பெட்டி முழுக்கக் கருவிகளோடு போவேன். கருவிகளால் எனக்கு இதுவரை பெரிதாகத் தொல்லை வந்ததில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் ஹேர் ஸ்ப்ரேயும் ஜெல்லும்தான்.

2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் 100 மில்லி விதி. கேபின் பையில் எந்தக் குப்பியும் 100 மில்லிக்கு மேல் கூடாது, எல்லாம் சேர்ந்து உள்ளே இருப்பது தெரியும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். ஸ்ப்ரே, ஜெல், சீரம், மூஸ் எல்லாமே இதில் சேரும். பார்ப்பது குப்பியின் அளவைத்தான், உள்ளே மிச்சமிருப்பதை அல்ல. 250 மில்லி ஸ்ப்ரேயில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அது இப்போது கடைகளில் வராத பிராண்ட், அந்தப் பிடிப்பு வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் திரும்பக் கிளம்பும் விமான நிலையத்தில் பழைய விதியே இருக்கலாம், அந்தத் தளர்வை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பெரிய பெட்டியில் ஸ்ப்ரே டப்பா போடலாம். ஒரு டப்பா 500 மில்லிக்குள், எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2 லிட்டர் வரை. முக்கியமாக, மேல்மூடி இருக்க வேண்டும். மூடி தொலைந்த டப்பாவை ஒருமுறை அப்படியே போட்டு அனுப்பினேன். வழியில் அழுந்தி, முழுவதும் உள்ளேயே பீய்ச்சிவிட்டது. பிரஷ்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பாளம் போல வெளியே வந்தன. மறுநாள் காலை மணப்பெண் உட்கார்ந்திருக்க, நான் வெந்நீரில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம், கத்தரிக்கோல். முடி வெட்டும் கத்தரியின் அலகு நீளம். அமெரிக்காவில் திருகிலிருந்து 4 அங்குலத்துக்குள் இருந்தால் கையில் விடுவார்கள், ஐரோப்பாவில் அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டினால் விட மாட்டார்கள். நான் அளந்து பார்ப்பதே இல்லை, நேராகப் பெரிய பெட்டிக்குள். இரும்பு வால் உள்ள சீப்பும் அதோடுதான்.

ஒயர்களைத் தனித்தனியாகச் சுருட்டிக் கட்டுங்கள். நாலைந்து ஒயர் பின்னிக் கிடந்தால் ஸ்கேனில் எதுவும் புரியாது, பையைத் திறக்கத்தான் சொல்வார்கள்.

மின்பொறியாளர்:

இங்கே எல்லாரும் விமான நிலையத்தோடு நிறுத்திவிட்டீர்கள். போய் இறங்கிய பிறகு எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி அமெரிக்காவில் வாங்கிய ட்ரையர், 120 வோல்ட், 1875 வாட். ஐரோப்பாவுக்குப் போனபோது அதையும் கொண்டுவந்திருந்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அடாப்டர் இருக்கிறதே என்று அவள் பிளக்கை மாட்டிப் போட்டுவிட்டாள். அங்கே 230 வோல்ட். ஒரு அலறல் போன்ற சத்தம், முனையில் கம்பிச்சுருள் வெள்ளையாக ஒளிர்ந்தது, கருகிய வாடை, அறை இருட்டாகிவிட்டது. நல்லவேளை, அவள் கையை விட்டுவிட்டாள். பதறி ஓடி வந்தபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால், மின்திறன் இரண்டு மடங்கு ஆவதில்லை, மூன்றரை மடங்குக்கு மேல் போகும். அந்த 1875 வாட் ட்ரையர் ஏறத்தாழ 6900 வாட் இழுக்கப் பார்த்திருக்கிறது. எந்தக் கம்பிச்சுருள் தாங்கும்? எதிர்த்திசையில் ஆபத்து குறைவு, பயனும் குறைவு. 230 வோல்ட்டுக்குச் செய்த 2000 வாட் ட்ரையரை 120 வோல்ட்டில் போட்டால் சுமார் 550 வாட்தான் கிடைக்கும். ஜப்பானில் 100 வோல்ட், அங்கே இன்னும் மந்தம்.

லேபிளில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் எங்கும் ஓடும், அடாப்டர் மட்டும் போதும். '125/250' என்று போட்டிருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும், நாணயத்தால் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்கு மாற்றுங்கள். ஒரே எண் மட்டும் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வோல்ட்டை மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஆனால் இவ்வளவு வாட் தாங்குவது பெட்டியின் எடையைத்தான் கூட்டும். அதே வேலைக்கு விற்கும் இலேசான கன்வெர்ட்டர்கள், டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவிகளுக்கு ஒத்துவராது.

இன்னொன்று: பிரிட்டன் போன்ற இடங்களில் குளியலறையில் 'ஷேவர் மட்டும்' என்று ஒரு சாக்கெட் இருக்கும். அது கொடுப்பது மிகக் குறைந்த மின்சாரம். ஸ்ட்ரெயிட்னரை அதில் மாட்டாதீர்கள்.

காலைப்பயணி:

சின்ன அனுபவம். விடிகாலை விமானம், முடியை நேராக்கிய கையோடு ஸ்ட்ரெயிட்னரைப் பெட்டியில் போட்டுவிட்டேன். இறங்கிப் பார்த்தால் பெட்டியின் நைலான் உள்துணியில் தகட்டின் அச்சு அப்படியே உருகிப் பதிந்திருந்தது. இப்போது கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே அணைத்து ஆறவிடுகிறேன். வெப்பம் தாங்கும் உறையும் வாங்கிவிட்டேன்.

சுருள்கூந்தல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் வீட்டில் இருந்த எல்லாக் கருவிகளின் லேபிளையும் எடுத்துப் பார்த்தேன். ட்ரையரில் 220-240 மட்டும்தான், அது இனிமேல் வீட்டோடு. பழைய ஒயர் ஸ்ட்ரெயிட்னரில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. மொபைல் டார்ச் அடித்து, போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் 100-240 என்று இருந்தது! இத்தனை வருடம் அலமாரியில் கிடந்ததே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடியும் பயணம். ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அலங்காரம் அக்கா, உங்கள் ஸ்ப்ரே கதையைப் படித்ததும் என் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். மூடியைக் காணோம். தேடிக்கொண்டிருக்கிறேன்.