2007 சீடியா, மாடிஃபை செய்தது, 3.40 லட்சம்: 23 வயதில் வாங்கலாமா?

பனியன்சிட்டி:

வணக்கம். வயது 23, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் அப்பாவின் வேகன் ஆர்தான்.

கோவையில் ஒரு மிட்சுபிஷி லேன்சர் சீடியா விலைக்கு வந்திருக்கிறது. 2007 மாடல், தமிழ்நாட்டுப் பதிவு, மூன்றாவது ஓனர். மீட்டரில் 1,38,000 காட்டுகிறது. 3.40 லட்சம் கேட்கிறார். என் கையில் 4 லட்சம் இருக்கிறது. அதற்கு மேல் அப்பாவிடம் போய் நின்றால் வண்டியே வேண்டாம் என்று முடித்துவிடுவார்.

செய்திருக்கும் வேலைகள்: கோல்ட் ஏர் இன்டேக் (என்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை இழுக்க), ஹெடர்ஸ், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (இரண்டும் புகை தடையில்லாமல் வெளியேற), 17 இஞ்ச் அலாய், சின்ன ரேசிங் ஸ்டியரிங், முன்னால் இரண்டு பக்கெட் சீட். வண்டியை நன்றாக இறக்கியும் இருக்கிறார்கள். ஈசியூ ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றுவது) செய்ததில் 140 குதிரைசக்தி வருகிறது என்கிறார். எல் அண்ட் டி பைபாஸில் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆபீசில் வேலை ஓடவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

யூடியூபில் பிரிட்டன் பையன்கள், சின்ன வயது, மாடிஃபை செய்த கார் என்றாலே இன்சூரன்ஸ் காரின் விலையையே தாண்டிவிடுகிறது என்று புலம்புகிறார்கள். நம் ஊரிலும் அப்படியா? அப்புறம், வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? 'வேண்டாம், ஒரு ஸ்விஃப்ட் வாங்கு' என்ற பதிலை வீட்டிலேயே நிறையக் கேட்டாயிற்று.

பத்தாம்நம்பர்ஸ்பேனர்:

தம்பி, ஸ்விஃப்ட் வாங்கச் சொல்ல மாட்டேன். கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், சீடியா நிறைய என் கை வழியாகப் போயிருக்கிறது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. 2 லிட்டர் பெட்ரோல், 115 குதிரைசக்தி. ஆனால் ராலிக்காரர்கள் அதைத் தேடிப் போனது என்ஜினுக்காக மட்டும் இல்லை. பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு பின்சக்கரத்தையும் பல கம்பிகள் தனித்தனியாகத் தாங்கும் அமைப்பு. மோசமான ரோட்டில் வேகமாகத் திருப்பினாலும் பின்பக்கம் ரோட்டை விடாது. அந்த வண்டியில் இருக்கிற நல்ல விஷயமே அதுதான்.

அதனால் உங்கள் லிஸ்டில் என் கண்ணில் பட்டது எக்ஸாஸ்ட்டோ ரீமேப்போ இல்லை, 'வண்டியை இறக்கியிருக்கிறார்கள்' என்பதுதான். எப்படி இறக்கினார்கள்? முறையான லோயரிங் ஸ்பிரிங் போட்டிருந்தால் சரி. கிரைண்டரை வைத்து ஒரு சுற்று அறுத்து எறிந்திருந்தால், அந்த வண்டியை வாங்குவதற்கான காரணத்தையே அறுத்து எறிந்துவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கி, சக்கரம் தொங்கும்படி விடுங்கள். ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகுங்கள். ஒழுங்கான ஸ்பிரிங் தன் இருக்கையில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும், அசையாது. அறுத்தது லொடலொடவென்று சுற்றும். அப்புறம் டார்ச் அடித்துக் கடைசிச் சுற்றின் முனையைப் பாருங்கள். கம்பெனி முனைக்கு மேல் பெயின்ட் மூடியிருக்கும். அறுத்த முனை சதுரமாக, கூர்மையாக, சூட்டில் நீலம் பாரித்துத் துருப்பிடித்திருக்கும். அறுத்த ஸ்பிரிங்கோடு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ஷாக் அப்சார்பர் அடிவரை போய் இடிக்கும், சக்கரம் ஒரு நொடி ரோட்டை விட்டுவிடும். திருப்பத்தில் அது நடந்தால் வேகன் ஆர் ஓட்டிப் பழகின கைக்கு என்ன செய்வதென்று தெரியாது. வேகன் ஆரைக் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அதுதான் நிற்கிறது.

140 குதிரைசக்தியைப் பற்றி: டர்போ இல்லாத என்ஜினில் இன்டேக், ஹெடர்ஸ், ரீமேப் மூன்றும் சேர்ந்து அவ்வளவு கொடுத்துவிடாது. டைனோ ஷீட் (மெஷினில் ஓட்டி என்ஜின் சக்தியை அளந்த தாள்) இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணுக்காக ஒரு பைசாவும் கூடக் கொடுக்காதீர்கள். ரீமேப்பை யார் செய்தது, மாற்றுவதற்கு முந்தின ஒரிஜினல் ஃபைல் கையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'கழற்றின ஒரிஜினல் பாகங்கள் எங்கே?' 2007 வண்டி, 2022-இல் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்திருப்பார்கள். அது ஐந்து வருடத்துக்குத்தான். 2027-இல் மறுபடி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்க வேண்டியது நீங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருந்தால் அன்றைக்கு எங்கே போவீர்கள்? பழைய ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி), ஸ்டியரிங், சீட், ஸ்பிரிங், கன்வெர்ட்டர் எல்லாம் மூட்டையாகக் கொடுக்கிறார் என்றால், என் கணக்கில் அந்த மூட்டைக்கு அலாய் வீலைவிட மதிப்பு அதிகம்.

ஸ்டியரிங் மாற்றினால் டிரைவர் பக்க ஏர்பேக்கும் கூடவே போயிருக்கும். உங்கள் வேரியன்ட்டில் ஏர்பேக் வந்திருந்தால், சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் எஸ்ஆர்எஸ் என்ற ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் கோளாறை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம், திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது) எடுத்தால் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் காட்ட வேண்டும். என்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்க இதில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்ல. எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஆம்ப்ளிஃபையர், ஃபாக் லேம்ப் வயரெல்லாம் ஃப்யூஸ் இல்லாமல் டேப் சுற்றி ஓடுகிறதா என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். கார் தீப்பிடிக்க அந்த மாதிரி வயரிங்கும் ஒரு காரணம்.

சர்வேயர்அக்கா:

இன்சூரன்ஸ் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நம் ஊரில் கட்டாயமான தேர்ட் பார்ட்டி (மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான) பிரீமியத்துக்கும் ஓட்டுபவரின் வயதுக்கும் சம்பந்தம் இல்லை, சிசியை, அதாவது என்ஜின் கொள்ளளவை வைத்துத்தான். 1500 சிசிக்கு மேல் என்றால் 2022-இல் வைத்த கட்டணம் வருடத்துக்கு ரூ.7,897. ஜிஎஸ்டி சேர்த்தால் 9,300 சொச்சம். ஓனருக்கான விபத்துக் காப்பீடு தனி.

தலைவலி ஓன் டேமேஜில்தான், அதாவது உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான காப்பீட்டில். இவ்வளவு பழைய வண்டிக்கு அது கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும், மாற்றங்களைச் சொல்லாமல் பாலிசி எடுத்தால் கிளெய்ம் அன்று என்னைப் போல் ஒருத்தி வந்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுப்பாள். அந்தப் போட்டோக்களே கிளெய்மை நிராகரிக்கப் போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. முந்தின ஓனர் செய்தது என்று செக்போஸ்ட்டில் சொல்லிப் பயனில்லை. ஆர்சியில் பெயர் யாருடையதோ அவர்தான் ஓனர்.

ஸ்டாக்சீடியா:

சென்னையில் 2008 சீடியா வைத்திருக்கிறேன், ஒரு நட்டைக்கூட மாற்றாதது. மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். இப்போது பங்க்கில் கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), இந்த வண்டி அதற்காகச் செய்ததில்லை, அதனால் எரிபொருள் ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். பாடி பார்ட்ஸுக்கு சென்னையின் பழைய கார் பாகச் சந்தையான புதுப்பேட்டையே கதி. ஒரு ஹெட்லைட்டுக்கு வாரக்கணக்கில் அலையவும் தயாராக இருக்க வேண்டும்.

வண்டி இடையில் சென்னையில் இருந்ததா என்றும் விசாரியுங்கள். 2015 வெள்ளத்தில் மூழ்கினவற்றில் சில வெளியூர்களுக்குப் போய்விட்டன. சீட் தண்டவாளத்திலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் துரு, வண்டல் இருக்கிறதா பாருங்கள். பக்கெட் சீட் மாற்றும்போது தண்டவாளமும் புதிதாகியிருக்கும், அதனால் பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

பனியன்சிட்டி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று போய் வந்தேன். பின் ஸ்பிரிங் இரண்டும் கையில் சுற்றுகிறது, முனை அண்ணன் சொன்ன மாதிரியே நீலமாக இருக்கிறது. முன்னால் இருப்பது சரியான லோயரிங் ஸ்பிரிங். ஒரிஜினல் சீட், ஏர் பாக்ஸ், ஸ்டியரிங் மூன்றும் அவர் மாமா வீட்டு மாடியில் கிடக்கிறதாம், தருகிறேன் என்கிறார். கன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். எஸ்ஆர்எஸ் விளக்கு எரியவே இல்லை. டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லை. புகை இல்லை, என்ஜின் சத்தம் சுத்தமாக இருக்கிறது. டைனோ ஷீட் என்றதும் சிரித்தார். விலை 3 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது.

பத்தாம்நம்பர்ஸ்பேனர்:

சிரித்தாரா? அப்படியென்றால் ஆள் மோசமில்லை, பேசலாம்.

கணக்குப் போடுங்கள் தம்பி. நாலு மூலைக்கும் ஒரிஜினல் உயர ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டைமிங் பெல்ட் செட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், கன்வெர்ட்டர், ஏர்பேக் வயரிங். ஒரு லட்சத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வாய் வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். 2027 புதுப்பித்தலுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். 20 வருடம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

என் கணக்கில் அந்த வண்டிக்கு இரண்டரை லட்சம். மாடியில் கிடக்கிற சாமான்கள் முதலில் கீழே இறங்கட்டும், கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அரசின் பரிவாகன் வாகனப் பதிவு இணையதளத்தில் நிலுவை அபராதம், கடன் அடமானம் இருக்கிறதா பார்த்துவிட்டு, ஓனர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இரண்டரைக்கு மேல் ஒற்றைக்காலில் நின்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கினால் ஸ்பிரிங் மாற்றும் வரை எங்கும் வேகமாக ஓட்ட வேண்டாம். மாற்றின பிறகு ஆசை தீர ஓட்ட வேண்டுமென்றால் பைபாஸில் வேண்டாம், கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டவிடும் நாள்) நடக்கும்போது பதிவு செய்துகொண்டு போங்கள். ஹெல்மெட் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், இரவல் ஹெல்மெட் நாறும்.