புதுப்பிப்பு: பாலமும் விளக்கும் புதிர், 17 நிமிடத்தில் கடந்தாயிற்று

போன வாரம் நான் கேட்டது இது: இருட்டு, ஒரே விளக்கு, பாலத்தில் ஒரு நேரத்தில் இருவர்தான் போகலாம், விளக்கில்லாமல் நகரக்கூடாது. நால்வருக்கு ஆகும் நேரம் 1, 2, 5, 10 நிமிடம். சேர்ந்து போனால் மெதுவானவரின் நேரம்தான் கணக்கு. நால்வரும் கடக்கக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் வேண்டும்? காரைக்குடியில் எங்கள் திண்ணைக் கூட்டம் 19-லேயே நின்றுவிட்டது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "மெதுவான இருவரையும் சேர்த்து அனுப்புங்கள்" என்ற பதில். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஆத்தங்குடித் தரைக்கல் ஒரு வரிசையைப் பாலமாக்கி நடந்தே பார்த்தோம். ஆட்களை அவரவர் நிமிடத்தால் குறிக்கிறேன், அடைப்புக்குள் அதுவரை ஆன மொத்த நிமிடம்: 1-ம் 2-ம் போனார்கள் (2), 1 திரும்பினார் (3), 5-ம் 10-ம் போனார்கள் (13), 2 விளக்கோடு வந்தார் (15), மறுபடி 1-ம் 2-ம் (17). ஒவ்வொரு முறையும் வேகமானவரே துணைக்குப் போகவேண்டும் என்ற பிடிவாதம்தான் எங்களைக் கெடுத்தது. விளக்கைத் தூக்கி எறியலாம் என்ற யோசனைக்கு அப்பத்தா மட்டும் ஓட்டுப் போட்டார்.

எதிர்பாராதது அப்புறம்தான். ஒரு நண்பன் 2-ஐ 4 ஆக்கினான். இந்த வழியில் 23 ஆகிறது, பழைய வழியில் 21 போதும்! 3 என்று வைத்தால் இரண்டிலும் 20. அதாவது இரண்டாமவரின் நேரத்தை இரட்டித்தால் வருவது, முதலாமவர், மூன்றாமவர் நேரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால்தான் இந்த வழி லாபம். எண் மாறினால் முதலில் அதைப் பாருங்கள்.